கரையில்லாமல் நின்ற தண்ணீர்

கரை இல்லாமல் போன வருசம்தான் தண்ணீர் தானாக நின்றது. ஊஞ்சக்காட்டுப்புதூரில் இன்றைக்குப் போய்க் கேட்டாலும் அதை ஒருவரும் வாயைப் பிளந்துகொண்டு சொல்ல மாட்டார்கள். அந்த வருசம் வெங்காயம் விலை போகவில்லை, டீக்கடை ரங்கசாமி மகளைக் கோயமுத்தூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், தண்ணீர் நின்றது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவார்கள்.

கூனிமலையில் மழை பிடித்தால் அங்கிருந்து இறங்குகிற வெள்ளமெல்லாம் சேத்துப்பள்ளத்தில் விழுந்து, மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வரும். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் அது கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று, எந்தக் காலத்திலோ எந்தச் சர்க்காரோ பள்ளத்துக்குக் குறுக்கே செம்மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே புல் பதித்து ஒரு கரை போட்டிருந்தது. பெரிய அணையொன்றும் இல்லை. வெள்ளம் வந்தால் கரையில் சாய்ந்து நாலைந்து நாள் கிடக்கும், அடியிலிருந்த மதகுக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகும், அப்புறம் வருசம் முழுக்கக் கரைக்குள்ளே ஆடு மேயும். பாசனத்துக்கு ஒரு சொட்டு உதவாத, மீன் குத்தகைக்கு விட முடியாத, போட்டோ எடுக்க லாயக்கில்லாத அந்தக் கரையை ஊர்க்காரர்கள் வெட்டிக்கரை என்று சொன்னார்கள். தங்கள் வீட்டுக்குள் ஒரு தலைமுறையாக வெள்ளம் வரவில்லை என்பதற்கும் அந்த வெட்டிக்கரைக்கும் ஏதாவது தொடுப்பு இருக்குமோ என்று நினைத்துப் பார்க்கிற அளவுக்கு அவர்களுக்கு ஒழிவு இருந்ததில்லை.

கரைக்கு அடியில் முதல் வீடு சம்பூரணத்துடையது. ஐம்பதைத் தாண்டியவள், புருசனைப் பறிகொடுத்தவள், இரண்டு எருமையும் மேட்டுக்காட்டில் கொஞ்சம் கடலைக்காடும் வைத்திருந்தவள், ஊரில் ஒருவரையும் மதிக்காதவள். நெற்றி நிறையத் திருநீறும் பால் நிறையத் தண்ணீருமாகக் கடை நடத்துகிற ரங்கசாமியை மதிக்க மாட்டாள். அடுத்தவன் வேலியை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்திவிட்டுக் காலையில் அதே வேலியோரம் நின்று தர்மம் பேசுகிற பெரிய தோட்டத்துக்காரர்களை மதிக்க மாட்டாள். எல்லோரையும்விடத் தன் தம்பி கிட்டுசாமியை மதிக்க மாட்டாள், ஏனென்றால் மற்றவர்களை அவளுக்குக் கண்ணால்தான் தெரியும், இவனை இடுப்பில் சுமந்து தெரியும். அம்மா செத்தபோது அவன் நடக்கப் பழகாத குழந்தை. அவள் ஊட்டிய சோற்றில் வளர்ந்து, அவள் போட்ட ஓட்டும் சேர்ந்து, அவன் இப்போது ஊராட்சித் தலைவர்.

அந்தக் கோடையில் கிட்டுசாமி ஊருக்குக் கீழே பள்ளத்தோரக் காட்டை மனை போட்டான். பள்ளமான நிலம் என்பதால் மேடாக்க மண் வேண்டியிருந்தது. மண் எங்கே இருக்கிறது? கரையில் இருக்கிறது. பொக்லைன் வந்தது, டிப்பர் லாரிகள் வந்தன, சம்பூரணம் தெருவில் போய் லாரிக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, வழிய விடு," என்றான் கிட்டுசாமி. "வருசத்துல நாலு நாள் தண்ணி நிக்கறதுக்கு இத்தன மண்ணு எதுக்குக்கா? தூங்குது."

"கரை தூங்குதுடா. உன்ற புத்தி செத்தே போச்சு," என்றாள் அவள்.

"உனக்கும் ரண்டு லோடு போடச் சொல்றன். எருமை கட்டற கட்டுத்தறி மேடாயிரும்."

"அந்த மண்ண உன்ற தலையில கொட்டிக்க."

அவள் வேண்டாமென்றாள், மற்ற யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. தலைவர் மட்டும் தின்றால் அது திருட்டு, ஊரே சேர்ந்து தின்றால் அது விசேசம் என்பது புதூர்ச் சட்டம். ரங்கசாமி கடைக்கு முன்னால் ஒரு லோடு, பெரிய தோட்டத்துக் களத்துக்கு நாலு லோடு, கோயில் பூசாரி வீட்டு வாசலுக்கு ஒரு லோடு என்று ஆளாளுக்கு அள்ளி, ஆடி பிறப்பதற்குள் கரை இருந்த இடத்தில் கரையின் நிழல்கூட இல்லை. மதகுக் குழாயையும் பிடுங்கி இரும்புக்குப் போட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் உச்சிப்பொழுதில் கூனிமலை கறுத்து, இடி உருண்டு, பள்ளத்து மேலே எங்கேயோ ஆயிரம் மாட்டுவண்டி ஒன்றாக இறங்குகிற சத்தம் கேட்டபோதுதான் ஊருக்குக் கரை ஞாபகம் வந்தது. டிவியையும் மிக்சியையும் கட்டிலில் கிடந்த கிழடுகளையும், அந்த வரிசையிலேயே, தூக்கிக்கொண்டு பாறைமேல் இருந்த மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஓடினார்கள். கிட்டுசாமி அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தி, "ஏறுக்கா, ஏறுக்கா!" என்று கத்தினான்.

"அந்தக் கூட்டத்தோட தோளு ஒரசிட்டு நின்னு பொழைக்கறதுக்குப் பேசாமச் செத்துப் போயிரலாம். நீ போய் உன்ற ஊரக் காப்பாத்து," என்றாள் சம்பூரணம். எருமைகளை மட்டும் அவிழ்த்துவிட்டாள். அவை புத்தியுள்ளவை, மேட்டுக்காட்டைப் பார்த்து நடந்தன. அவள் வாசற்படியில் உட்கார்ந்து கடலைக்காய் உரிக்கத் தொடங்கினாள்.

வெள்ளம் வந்தது. பனைமரத்தைத் துரும்பாகப் புரட்டிக்கொண்டு, நுரையும் சேறுமாக, அவளைப் பார்த்து நேராக வந்தது. கரை இருந்த இடம் வந்ததும் நின்றது. பின்னால் வந்த தண்ணீர் முன்னால் நின்ற தண்ணீரின் மேல் ஏறி நின்றது, அதன்மேல் இன்னும் ஏறி நின்றது, பழைய கரையின் உயரம் எவ்வளவோ அவ்வளவும் நின்றது. செங்காவி நிறத்தில் நூல் பிடித்ததுபோல ஒரு சுவர், உள்ளே விராலும் வேப்பங்கிளையும் எவர் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியோ ஒன்றும் மிதக்க, வெளியே ஒரு சாண் தள்ளி மண் காய்ந்து கிடந்தது. மதகுக் குழாய் இருந்த இடத்தில் மட்டும், அந்தக் குழாயின் பருமனுக்கு உருண்டையாக, ஒரு தண்ணீர்க்கட்டை வெளியே வந்து பள்ளத்தில் விழுந்து, ஒழுங்காகத் தன் வழியே போனது.

சம்பூரணம் கடலைத்தோலை உதறிவிட்டு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள்.

"நின்னுட்டயாக்கும்?" என்றாள். "உனக்குமா புத்தியில்ல? எவனுக்காக நிக்கற நீ?"

தண்ணீர் குழாய் இருந்த வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. நாலைந்து நாளில் முழுக்க வடிந்து போய்விட்டது.

அது வடிவதற்கு முன்னால், மழை விட்டதும் மண்டபத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் முதலில் கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். அப்புறம் போய்ச் சுவரைப் பார்த்தார்கள். ரங்கசாமிதான் சொன்னான்: "பழக்கமுங்க. எருமைய வருசக்கணக்கா ஒரே முளைக்குச்சியில கட்டிப் போட்டமுன்னா, கவுத்த அவுத்துட்டாலும் அங்கயே நிக்குமில்லீங்க? அதாட்டந்தான்." ஊருக்கு அது போதுமாக இருந்தது. எதற்கும் ஒரு எருமையைக் காட்டிவிட்டால் புதூர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். மறுநாள் தண்ணீர்ச்சுவருக்கு முன்னால் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், சுவருக்குள் விரலை விட்ட பிள்ளைகளை அதட்டினார்கள், கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வந்து முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆபீசிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் செருப்பு நனையாமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எங்க கணக்குல இங்க கரை இருக்கு. கரை இருந்தாத் தண்ணி நிக்கும். நிக்குது. எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று இளநீர் குடித்துவிட்டுப் போனார். வாரம் முடிவதற்குள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பிளக்ஸ் எழுந்தது. கை கூப்பியபடி கிட்டுசாமி; கீழே, கரையே இல்லாமல் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திய எங்கள் தலைவரே என்று கொட்டை எழுத்து.

அடுத்த வருசமும் தண்ணீர் வந்தது, நின்றது, போனது. இந்த முறை ஊர் மண்டபத்துக்கு ஓடவில்லை. சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது. மனைகள் விற்றன. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பாடுபட்டுச் சேர்த்தவர்கள் வந்து வாங்கி, கரையிலிருந்து போன மண்ணின்மேல் வீடு கட்டினார்கள். இவ்வளவு மரியாதையான தண்ணீர் எந்த ஊரிலும் கிடையாது என்று கிட்டுசாமி அவர்களுக்குச் சொன்னான்.

அந்த இரண்டாம் வருசந்தான் சம்பூரணம் ஒரு சாயங்காலம் எருமையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக வரும்போது, ஏதோ ஒரு நினைப்பில், உள்ளங்கையை விரித்துத் தண்ணீர்மேல் வைத்தாள். தண்ணீர் நடுங்கியது. குளிர்ந்து நடுங்குகிற நடுக்கமில்லை. ரேசன் கடை வரிசையில் காலையிலிருந்து நின்ற பொம்பளைக்கு மத்தியானம் கெண்டைக்காலில் வருமே, அந்த நடுக்கம். கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். சுவர் நெடுகக் கொஞ்ச தூரம் கையை வைத்துக்கொண்டே நடந்தாள், எல்லா இடத்திலும் அதே நடுக்கம். இரண்டு வருசமாக அந்தத் தண்ணீரையும் ஊர்க்காரர்களோடு சேர்த்து முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாகத் திட்ட வாய் வரவில்லை. அதனால் ஊரைத் திட்டப் போனாள்.

மண்டபத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சம்பூரணம் செருப்பைக் கழற்றாமல் நடுவில் போய் நின்றாள்.

"அதுக்குக் கால் வலிக்குது," என்றாள்.

"எதுக்குங்க்கா?" என்றான் ரங்கசாமி.

"தண்ணிக்கு. நின்னு நின்னு நடுங்குது. ஆளாளுக்கு அள்ளுன மண்ணக் கொண்டாந்து மறுபடியும் கொட்டுங்க. சாயறதுக்கு அதுக்கு ஒண்ணு வேணும்."

ஊர் சிரித்தது. மண்ணைத் திருப்பிக் கொண்டுவருவதென்றால் வீட்டைப் பெயர்க்க வேண்டும், களத்தைத் தோண்ட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, வெளியே சிரித்தார்கள். கிட்டுசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவன் தலைவன், அவனுக்கு வேறு வேலை இருந்தது.

"அக்கா, நான் சொல்றதக் கேளு," என்றான் குரலைத் தாழ்த்தி, பக்தியாக. "அது நம்ம மேல நம்பிக்க வெச்சு நிக்குது. இப்பப் போய் மண்ணக் கொட்டுனா, நம்ம மேல இவனுகளுக்கு நம்பிக்கையில்லையோன்னு அது நெனைக்காதா? தெய்வ காரியம். கோவிச்சுக்கும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு இத்தனை புண்ணியமான காரணம் அந்த ஊருக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

சம்பூரணம் தம்பியின் பக்கம் திரும்பினாள். "சின்னப் புள்ளையில நீ பாய நனைச்சுட்டு மழை பேஞ்சுதுன்னு சொல்லுவ," என்றாள். "நானும் நம்பற மாதிரி நடிச்சன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

அந்த வருசத்துத் தண்ணீர் வடிந்ததும் அவளே மண் சுமந்தாள். மேட்டுக்காட்டில் கடலை பிடுங்கிய இடத்தை மண்வெட்டியால் வெட்டி, சட்டியில் அள்ளி, தலையில் வைத்துக் கொண்டுவந்து, தன் வீட்டுக்கு நேரே கரை இருந்த இடத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று புத்தி சொன்னார்கள். "ஏனுங்க்கா, இந்த வயசுல இது தேவையா?" என்றார்கள். "தேவையில்லைன்னா வேடிக்க எதுக்கு? நடையக் கட்டு," என்றாள். கோடை முழுக்கச் சுமந்தும், கடைசியில் பார்த்தால் அது ஒரு கட்டில் அகலத்துக்கும் அவள் இடுப்பு உயரத்துக்கும்தான் இருந்தது. அவ்வளவு பெரிய பள்ளத்தில் அது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மூட்டைபோலக் கிடந்தது.

மூன்றாம் வருசம் வெள்ளம் பெரிது. வந்தது, நின்றது, அந்த மேட்டுக்கு நேராக வந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை, சாய்ந்தது. சம்பூரணம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலைச்சுமையை இறக்கி வைத்தவர்கள் விடுவார்களே, அப்படி ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் சுவர் சரிந்து, தொய்ந்து, மேட்டின்மேல் தோளைப் போட்டுக்கொண்டு, மண்ணை நனைத்து ஊறி, ஓரத்தில் சேறாகக் கசிந்தது. எல்லா ஊர்த் தண்ணீரும் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"சாஞ்சு கெட," என்றாள் சம்பூரணம். "கெட, கெட." எருமைக் கன்றிடம் பேசுகிற குரல் அது.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. நூல் பிடித்த சுவரில் ஒரு இடம் கோணிப்போய்விட்டது, போட்டோவில் விகாரமாக விழுகிறது, மனை வாங்கினவர்கள் கேட்கிறார்கள் என்று முறையிட்டார்கள். கிட்டுசாமிக்கு வேறு அவசரம். அந்த ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு முன்னால் விழா வைத்திருந்தான், பெரிய மனிதர் ஒருவர் மாலையோடு வருவதாக இருந்தது, பந்தலும் மைக்செட்டும் நாற்காலியும் வந்து இறங்கியாகிவிட்டது. காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு தானே வந்தான். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது.

"தள்ளிக்கக்கா. ரண்டு வெட்டு. மண்ணெடுத்துட்டா அது பழையபடி நேரா நின்னுக்கும்."

"கிட்டு, வேண்டாஞ்சாமி," என்றாள் அவள். அப்படி அவனை அவள் கூப்பிட்டு எத்தனையோ வருசமாகியிருந்தது. "ஒருக்கா உக்காந்ததுக்கு மறுபடி எந்திரிக்க முடியாது. சொன்னாக் கேளு."

அவன் அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு வெட்டினான். நனைந்த மண் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. இன்னொரு வெட்டு வெட்டினான். சாய்ந்து கிடந்த தண்ணீர் சாய்மானம் போனதும் ஒரு கணம் எழுந்து நிற்கப் பார்த்தது. ஊரே பார்க்க, கொஞ்சம் நிமிரக்கூடச் செய்தது. முடியவில்லை. உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்ததைப் பார்த்துப் பக்கத்துத் தண்ணீர் உட்கார்ந்தது, அதற்கடுத்தது உட்கார்ந்தது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மூட்டு வலிக்காரர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல மெதுவாக, சுவர் முழுதும் உட்கார்ந்தது. தடாலென்று விழுந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அது அத்தனை மெதுவாக உட்கார்ந்ததால்தான் பந்தலிலிருந்தவர்களும் மனைவீட்டுக்காரர்களும் பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடிச் சேர்ந்தார்கள்.

கிட்டுசாமி ஓடவில்லை. அவன் கால் இரண்டும் அவன் வெட்டிய சேற்றிலேயே புதைந்திருந்தன. தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. "அக்கா," என்றான். சம்பூரணம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, மற்றக் கையால் பள்ளத்தோரம் நின்ற வேப்பமரத்தின் வேரைப் பிடித்து, "ஒதறுடா காலை! உருப்படாத பயலே, ஒதறு!" என்று கத்திக்கொண்டே இழுத்தாள். வேட்டியைப் பள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு அவன் வெளியே வந்து விழுந்தான். இருவரும் மேட்டுக்காட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவள் வீடு இல்லை. ஓடும் சுவரும் உரித்த கடலை மூட்டையுமாக மூன்று தலைமுறை வீடு கண்ணெதிரே கரைந்து போனது. அவள் எருமைகளை எண்ணினாள். இரண்டும் இருந்தன.

தண்ணீர் ஊருக்குள் போய் வேறெதையும் தேடவில்லை, தனக்குத் தெரிந்த மண்ணைத் தேடியது. ரங்கசாமி கடைக்கு முன்னாலிருந்த செம்மண்ணை அள்ளியது, பெரிய தோட்டத்துக் களத்தை அள்ளியது, பூசாரி வாசலை வழித்தது, மனைவீடுகளுக்கு அடியிலிருந்ததை லோடு லோடாக எடுத்துக்கொண்டு கிழக்கே போய்விட்டது. வீடுகள் கொஞ்ச நேரம் அடியில் ஒன்றுமில்லாமல் இருந்தன. ஆனால் வீடுகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விழுந்தன.

மண்டபத்தில் ஊர் கூடி, தண்ணீர் நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டது என்று ஒருமனதாக முடிவு செய்தது. இத்தனை வருசம் நம்ம மண்ணில் நின்ற நன்றி வேண்டாமா என்று பூசாரி கேட்டார். திருப்பூர்க்காரர்கள் கிட்டுசாமியைத் தேடினார்கள்.

தை பிறந்ததும் கிட்டுசாமி மேட்டுக்காட்டுக்கு வந்தான். சம்பூரணம் அங்கே ஓலைச்சாளை ஒன்று போட்டுக்கொண்டு எருமைகளோடு இருந்தாள். காரில்லை, நடந்து வந்திருந்தான். பின்னால் கொஞ்ச தூரத்தில் ரங்கசாமியும் பூசாரியும் இன்னும் பத்திருபது பேரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"கரை போடச் சொல்லி உத்தரவாயிருச்சுக்கா," என்றான். "கீழ எங்கயும் மண்ணில்ல. வெறும் பாறை. உன்ற காட்டுலதான் இருக்குது."

"இருக்குது."

"உனக்கும் கெடைக்க வேண்டியது கெடைக்கற மாதிரி..."

"வாய மூடு." சம்பூரணம் எழுந்து, சாளைக்குள்ளிருந்து மண்வெட்டியையும் சட்டியையும் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். "லாரி என்ற காட்டுக்குள்ள வரக்கூடாது. வேணுங்கறவன் வெட்டிக்கோணும், தலையில செமக்கோணும், மிதிக்கோணும். அதுவும் இந்த ஊரு பொழைக்கோணுமுன்னு நான் குடுக்கல. இந்த ஊரு போனா எனக்கென்ன. ஐப்பசியில அது மலையெறங்கி வரும். வீட்டுக்கு வர்ற ஒறம்பரைய நிக்க வெச்சா பேசறது? சாயறதுக்கு ஒரு எடம் வேணும்."

கிட்டுசாமி சட்டியைப் பார்த்தான். அவன் தலையில் இதுவரை கோயில் பரிவட்டத்தைத் தவிர எதுவும் ஏறியதில்லை. குனிந்து எடுத்தான். ரங்கசாமி தன் வீட்டுக்குப் போய் அண்டா ஒன்றைத் தூக்கி வந்தான், பூசாரி கூடையோடு வந்தார், ஒருவர் பின் ஒருவராக ஊர் காட்டுக்கும் பள்ளத்துக்கும் எறும்பு வரிசைபோல நடந்தது. சம்பூரணம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, ஒருவரையும் ஒரு சொல் நல்லதாகச் சொல்லாமல், "அது மிதியா, கோழி கெளர்றதா? நல்லா மிதி," "கல்லப் பொறுக்கிட்டுக் கொட்டு, கண்ண எங்க வெச்சிருக்கற?" என்று பொழுது சாயும்வரை ஏசிக்கொண்டிருந்தாள்.

கிட்டுசாமி கழுத்து வீங்கி, சட்டையெல்லாம் செம்மண்ணாகி, அவள் முன்னால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நெற்றியை வழித்தான்.

"எவ்வளவு ஒசரம் வேணும்க்கா?"

அவள் மோர்ச் சொம்பை அவனிடம் நீட்டினாள். அவன் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"அதைய மழைகிட்டக் கேளு," என்றாள். "நீ மண்ணக் கொண்டா."